பிளஸ் டூ முடித்த நம் பெண்பிள்ளைகளும் பயிற்றுமொழியும்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண்பிள்ளை பிளஸ் டூ தேறியதும் எந்தக் கல்லூரி, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பார்கள். எந்த மொழியில் படிக்கப் போகிறாள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முதல் பருவத்திலேயே மூன்று பாடத்தில் அரியர் விழுந்தால், "இவளுக்குப் படிப்பு ஏறல, வந்த மாப்பிள்ளையைப் பார்த்துடலாம்" என்று அத்தா (அப்பா) முடிவுக்கு வந்துவிடுகிறார். பத்து வருடம் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஜூன் மாதத்தில் திடீரென்று அறிவு குறைந்துவிடாது. பாடம் வேறு மொழிக்கு மாறிவிட்டது, அதற்கு அவளை யாரும் தயார்செய்யவில்லை.

கல்லூரிக்கு நம் பகுதியில் குறையில்லை. காரைக்குடியில் 1947 முதல் அழகப்பா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்கென்றே உமையாள் ராமநாதன் கல்லூரியும் பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி கல்லூரியும் உண்டு. இளையான்குடியில் ஜாகிர் உசேன் கல்லூரி. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே மொழி விஷயத்துக்கே வருகிறேன்.

அரசுக் கல்லூரிகளில் சில பாடங்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி என்று தனித்தனியாக இருக்கும். விண்ணப்பத்தில் அவற்றை வெவ்வேறு பாடப்பிரிவாகவே குறிக்க வேண்டும். "இங்கிலீஷ் மீடியம்தான் கௌரவம்" என்று கண்ணை மூடிக்கொண்டு குறிக்காதீர்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010-லிருந்து உண்டு. 2020-ல் விதியை இறுக்கிவிட்டார்கள். பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் குரூப் 2 போன்ற பணிகளுக்குப் பள்ளிப் படிப்பும் பட்டமும் இரண்டுமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். முதல் வகுப்பிலிருந்தே சான்று கேட்கிறார்கள். பட்டத்தை ஆங்கிலவழியில் படித்தால் அந்தப் பணிகளுக்கு இந்த முன்னுரிமை போய்விடும். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4-க்கு மட்டும் பள்ளிச் சான்று உதவும். ஆங்கிலவழியில் சேர்ந்து தேர்வை மட்டும் தமிழில் எழுதினால் தமிழ்வழி என்று ஆகாது. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் பயிற்றுமொழிச் சான்றை இப்போதே வாங்கிவிடுங்கள். தொடக்கப்பள்ளிச் சான்றுதான் கடைசி நேரத்தில் கிடைக்காமல் இழுக்கும்.

அரசு வேலையை எதிர்பார்க்கும் பிள்ளைக்குத் தமிழ்வழிப் பட்டம் நல்ல தேர்வு என்பதே என் கருத்து. பி.காம் முடித்து சி.ஏ, கம்பெனி வேலை என்று போக நினைப்பவள் ஆங்கிலவழிக்குப் போகட்டும். ஆனால் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையில் கிடைக்கும் வாரங்களை வீணாக்கக் கூடாது.

பாடநூல் கழகம் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுகிறது. அதே பாடம், அதே வரிசை, அதே கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் போதும். குறிப்பேடு என்று படித்தது அங்கே ஜர்னல். பேரேடு லெட்ஜர் ஆகிறது, இருப்பாய்வு ட்ரையல் பேலன்ஸ், தேய்மானம் டிப்ரிஷியேஷன், இருப்புநிலைக் குறிப்பு பேலன்ஸ் ஷீட். (பேரேடு இந்த ஊர்க் கடைக்காரர்களுக்குப் பழகிய சொல். அத்தாவே சொல்லிக்கொடுப்பார்.) நாளுக்குப் பத்துச் சொல் என்றால் ஒரே மாதத்தில் முந்நூறு. சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வில் நிற்காது. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கணக்கை எடுத்து, விடையையும் அதற்கான காரணத்தையும் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிப் பார்க்க வேண்டும். அரியர் விழுவது பெரும்பாலும் அந்த நான்கு வரியில்தான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டும் பணம் இந்த இடத்தில் உதவாது. அங்கே சந்தையில் பேசக் கற்றுத்தருவார்கள், தேய்மானத்தை விளக்க அல்ல.

பகுதி ஒன்று மொழிப்பாடத்தில் தமிழுக்குப் பதில் அரபியை எடுக்கச் சில கல்லூரிகளில் வழி உண்டு. மக்தபில் (குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் சிறுபிள்ளைகள் பள்ளி) ஓதியவள்தானே, சுலபம் என்று நினைக்கிறார்கள். குர்ஆன் ஓதத் தெரிவதும் அரபி இலக்கணம் தெரிவதும் ஒன்றல்ல. முறையாக இலக்கணம் படித்தவள் மட்டும் எடுக்கலாம்.

அடுத்தது ஆலிமா படிப்பு, அதாவது பெண்கள் மதரஸாவில் படிக்கும் மார்க்கக் கல்வி. இதில்தான் எனக்கு மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. முன்பு நம் வீட்டுப் பெரிய மனுஷிகள் அரபுத்தமிழில், அதாவது அரபி எழுத்தில் எழுதிய தமிழில், மளமளவென்று வாசிப்பார்கள். அரபியில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி உண்டாக்கிய எழுத்து அது. அவ்வளவு வாசித்த பெண்களும் பத்திரப் பதிவில் கைநாட்டுதான், ஏனென்றால் சர்க்கார் அந்த எழுத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்று பத்தாம் வகுப்போடு ஆலிமாவுக்குப் போகும் பிள்ளைக்கும் அதே கதி வருகிறது. பல வருடம் கருத்தாகப் படிக்கிறாள், ஆனால் கையில் பிளஸ் டூ இல்லை. பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கினாலும் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை அறுபடக் கூடாது. அதனால் ஆலிமா படிக்கும்போதே தனித்தேர்வராகப் பிளஸ் டூவை முடித்துவிட வேண்டும். இதற்கு இடம் கொடுக்கும் மதரஸாவைப் பார்த்துச் சேருங்கள். அதன்பின் தொலைநிலைக் கல்வியில் பட்டத்தைத் தொடரலாம்.

பெயர் விஷயம் சின்னதுபோலத் தெரியும், பணத்தை நிறுத்திவிடும். பாத்திமா ஆதாரில் ஆங்கில எஃப் எழுத்தில் தொடங்கும், பள்ளிப் பதிவேட்டில் பி எழுத்தில் தொடங்கும். பேகமோ பீவியோ ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் அது சிக்கிக்கொள்ளும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியலைக் காட்டும்போதே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். சாதிச் சான்றில் பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) என்று இருந்தால்தான் 3.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும். ராவுத்தரும் மரைக்காயரும் லப்பை என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள். பள்ளிச் சான்றில் வெறும் "இஸ்லாம்" என்று இருந்தால் அத்தாவின் சான்றையும் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

படிப்பு நடுவில் நிக்காஹ் பேசினால், படிப்பைத் தொடரலாம் என்பதை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். நிக்காஹில் நிபந்தனை வைக்க மார்க்கத்தில் இடமிருக்கிறது. மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) எழுதும் பதிவேட்டிலேயே அதையும் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஜமாஅத்தாரிடமும் (பள்ளிவாசல் நிர்வாகத்தார்) நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத்திடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், மணமேடையில் ஆரம்பித்தால் சங்கடமாகிவிடும். கல்யாணத்துக்குப் பருவ விடுமுறையில் நாள் குறியுங்கள், வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுதச் சிக்கல். பிள்ளைப்பேறு வந்தால் நின்றுவிடத் தேவையில்லை. மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவில் தளர்வும் தர விதி செய்யும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அதைக் குறிப்பிட்டு மருத்துவச் சான்றோடு துறைத்தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்ட கையெழுத்தோடு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.