மாலை நேர வேகக் குறைப்பும் ஆணைக்குழுவுக்கு நான் எழுதிய முறைப்பாடும்

வீட்டு இணைய இணைப்பின் வேகத்தை நிறுவனமே வேண்டுமென்று குறைக்கிறது என்று சந்தேகிக்கும் ஒருவர், கனடாவில் அதை யாரிடம், எந்த வடிவில், என்ன ஆதாரங்களோடு முறையிட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லும் தமிழ்க் குறிப்பு எதுவும் 2011 இல் எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்காபரோவில் வசிக்கும் நான் அந்த ஆண்டில் அந்த வழியைத் தொடக்கம் முதல் முடிவுவரை நடந்து பார்த்தேன். எனது சிக்கல் இறுதியில் தீர்ந்தது என்றாலும், அது தீர்ந்த விதத்தில் எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை. ஆகையால் நடந்ததையும், வேகக் குறைப்பு பற்றிய விதிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த விவகாரம் பொதுமக்களின் கண்ணில் பட்டது 2008 மார்ச்சில். பெல் கனடா நிறுவனம் தன் சொந்த வாடிக்கையாளர்களின் கோப்புப் பகிர்வுப் போக்குவரத்தை (கோப்புகளைப் பகிரும்போது இணையத்தில் செல்லும் தரவை) மாலை நேரங்களில் மெதுவாக்கியதோடு நிற்காமல், தன்னிடமிருந்து மொத்தமாக இணைப்பு வாங்கி விற்கும் சிறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களையும் அதே முறைக்குள் கொண்டுவந்தது. அதே மாதம் அரச ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. தனது தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை டொரன்ட் எனப்படும் கோப்புப் பகிர்வு முறை வழியாகச் சட்டப்படி வெளியிட்டபோது, அதைத் தரவிறக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததாகப் பலர் முறையிட்டார்கள். டொரன்ட் என்றாலே திருட்டு என்று சொல்லி இந்தப் பிரச்சினையை ஒதுக்கிவிட முடியாது என்பதை அந்த நிகழ்வு காட்டியது. சிறு நிறுவனங்களின் சங்கம் ஏப்ரலில் சி.ஆர்.டி.சி. எனப்படும் கனேடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவிடம் சென்றது. மே மாத இறுதியில் ஒட்டாவாவில் பாராளுமன்றத்தின் முன்னால் மக்கள் கூடினார்கள். ஆணைக்குழு 2008 நவம்பர் 20 அன்று சங்கத்தின் கோரிக்கையை மறுத்தது. பெல் தன் சொந்த வாடிக்கையாளர்களை நடத்துவது போலவே மற்றவர்களின் வாடிக்கையாளர்களையும் நடத்துகிறது, ஆகவே அநியாயமான பாகுபாடு இல்லை என்பதே அந்த முடிவின் சாரம். எல்லோருக்கும் ஒரே அளவில் இடைஞ்சல் செய்தால் அது பாகுபாடு ஆகாது என்ற இந்தத் தர்க்கத்தை முதன்முறை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் அடங்கவில்லை.

அதே நாளில் ஆணைக்குழு இணையப் போக்குவரத்து முகாமைத்துவம் பற்றிய பொது ஆய்வு ஒன்றையும் அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் கருத்து எழுதினார்கள். நானும் ஒரு கடிதம் அனுப்பினேன். 2009 ஜூலையில் கட்டினோவில் பொது விசாரணை நடந்தது, ஒக்டோபர் 21 அன்று 2009-657 என்ற இலக்கத்தில் கொள்கை வெளியானது. இன்றுவரை முறைப்பாடுகளுக்கு அடிப்படையாக இருப்பது அதுதான் என்பதால், அதில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும்.

நெரிசலைத் தீர்க்க முதலில் வலையமைப்பில் முதலீடு செய்ய வேண்டும். அது போதாவிட்டால் பயன்பாட்டு அளவுக்கேற்பக் கட்டணம் வாங்குவது போன்ற பொருளாதார வழிகளை நாட வேண்டும். வேகத்தைக் குறைக்கும் தொழில்நுட்ப வழிகள் அதற்குப் பிறகுதான். தொழில்நுட்ப வழியைக் கையாளும் நிறுவனம் அதை ஏன் செய்கிறது, யாரைப் பாதிக்கும், எந்த நேரத்தில், எந்த வகைப் போக்குவரத்தில், வேகத்தில் எவ்வளவு மாற்றம் ஏற்படும் என்பவற்றைத் தன் இணையத்தளத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். வீட்டு வாடிக்கையாளருக்கு 30 நாள்களும், மொத்தமாக வாங்கும் நிறுவனத்துக்கு 60 நாள்களும் முன்கூட்டியே அறிவித்தல் தர வேண்டும். இணையவழித் தொலைபேசி, நேரடி வீடியோ உரையாடல் போன்று நேரம் தவறக்கூடாத போக்குவரத்தை வெளிப்படையாகத் தெரியும் அளவுக்குப் பாதிப்பதற்கு, 1993 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 36 ஆம் பிரிவின் கீழ் முன் அனுமதி வேண்டும். தொலைவிலுள்ள உறவுகளோடு மாலைதோறும் இணையம் வழியாகவே பேசும் எம்மவர்களுக்கு இந்தக் கடைசி விதி மிகப் பெறுமதியானது.

ஆனால் இந்த விதிகள் தாமாக இயங்குவதில்லை, யாராவது முறையிட வேண்டும். முறையிடுபவர் முதலில் நம்பத்தக்க அளவுக்கு விடயத்தை எடுத்துக் காட்ட வேண்டும். அதன் பின்னரே நிறுவனம் தன் செயலுக்கு விளக்கம் சொல்லும் கடமைக்கு உட்படுகிறது. தராசு கடைக்காரரின் கையில் மட்டும் இருக்கும்போது, எடை குறைந்ததை வாங்கியவரே காட்ட வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு இது. வலையமைப்பின் உள்ளே நடப்பதைப் பார்க்கும் கருவி எதுவும் எம் வீட்டில் இல்லை. மக்களின் அதிருப்திக்கு இதையே முதற்காரணமாக நான் கருதுகிறேன்.

பொருளாதார வழிக்கு ஆணைக்குழு கொடுத்த முன்னுரிமையின் விளைவும் விரைவில் தெரிந்தது. 2011 ஜனவரி 25 ஆம் திகதி முடிவின்படி, சிறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கும் பயன்பாட்டு அளவுக் கட்டணம் வர இருந்தது. சில இலட்சம் பேர் எதிர்த்துக் கையொப்பம் இட்டார்கள். ஆணைக்குழு பின்வாங்காவிட்டால் அரசாங்கமே முடிவை மாற்றும் என்று கைத்தொழில் அமைச்சர் டோனி கிளெமென்ட் அறிவித்தார். தலைவர் கொன்ராட் வொன் ஃபின்கன்ஸ்டைன் பாராளுமன்றக் குழுவின் முன் வந்து மீளாய்வுக்கு உடன்பட்டார். நவம்பரில் வேறொரு கட்டண முறை வந்தது. பொதுமக்களின் குரல் அந்த ஒரு தடவை வேலை செய்தது.

இனி எனது விடயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ச் சங்கத்துக்காகப் பழைய பாடசாலை ஆண்டு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்கள்) ஆகியவற்றை ஸ்கான் செய்து, மறைகுறியாக்கப்பட்ட, அதாவது இடையில் யாரும் வாசிக்க முடியாத, இணைப்பு வழியாக ஒரு சேர்வரில் ஏற்றி வந்தேன். வேலை முடிந்து வந்து மாலையில்தான் அதைச் செய்ய முடியும். ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டிய கோப்பு 2011 இன் தொடக்கத்திலிருந்து விடியும்வரை ஏறிக்கொண்டிருந்தது. பல தடவை இடையிலேயே அறுந்தும் போனது. எனது நிறுவனம் தன் வெளிப்படுத்தல் பக்கத்தில், கோப்புப் பகிர்வுச் செயலிகளின் பதிவேற்றம் மட்டுமே மெதுவாக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. நானோ அப்படியான செயலி எதையும் பயன்படுத்தவில்லை. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

தொலைபேசியில் அழைத்தால் மொடெத்தை நிறுத்திப் போடச் சொன்னார்கள், பின்பு வயரை மாற்றச் சொன்னார்கள், பின்பு என் கணினியில் வைரஸ் இருக்கலாம் என்றார்கள். போக்குவரத்து முகாமைத்துவம் பற்றிக் கேட்டபோது அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்கள் போலப் பேசினார்கள். இறுதியில் ஒரு தொழில்நுட்பப் பணியாளரை அனுப்பினார்கள். வந்தவர் தமிழ்ப் பெடியன். சுவரில் உள்ள இணைப்பில் கருவியைப் பொருத்தி அளந்து பார்த்துவிட்டு, "அண்ணை, உங்கட லைன் நல்லாத்தான் இருக்கு. காலமை ஓடுது, பின்னேரம் மட்டும் படுக்குதெண்டால் அது வயர்ப் பிரச்சினை இல்லை. நீங்கள் மேலிடத்துக்கு எழுத்தில குடுங்கோ, ரெலிபோனில கதைச்சு வேலையில்லை" என்றார். லைனில் பிழை இல்லை என்ற குறிப்பை அவர் பணித்தாளில் எழுதிக் கையொப்பமும் இட்டுத் தந்தார். பின்னாளில் எனக்கு மிகவும் உதவியது அந்த ஒரு தாள்தான்.

எழுதுவதற்கு முன்னர் எங்கே எழுதுவது என்பது தெரிய வேண்டும். கட்டணப் பிழை, ஒப்பந்தத் தகராறு போன்றவற்றுக்குத் தொலைத்தொடர்புச் சேவை முறைப்பாடுகளைப் பார்க்கும் தனி ஆணையாளர் அலுவலகம் இருக்கிறது. வேகக் குறைப்பு முறைப்பாடு அங்கே போகாது, நேரே சி.ஆர்.டி.சி.க்குத்தான் எழுத வேண்டும். நான் வசந்த காலத்தில் அனுப்பிய முதற்கடிதத்துக்கு, மேலதிக விவரங்கள் தேவை என்று பதில் வந்தது. பதில் எழுதிய அலுவலர் மரியாதையாகவும் தெளிவாகவும் எழுதியிருந்தார். கொள்கையின் எந்தப் பகுதி மீறப்பட்டது என்று கருதுகிறேன், எப்போது நடந்தது, மீண்டும் மீண்டும் நடக்கிறதா, எந்தச் செயலி பாதிக்கப்பட்டது, எவ்விதம் பாதிக்கப்பட்டது என்பனவே அவர் கேட்டவை. அவர் விதிப்படியே நடந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வரும் ஒருவர் வலையமைப்புப் பொறியியலாளரைப் போலச் சோதனை நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கும் அந்த விதிதான் எனக்குப் பாரமாக இருந்தது.

இருந்தும் சோதனை நடத்தினேன். ஒரே கோப்பு, ஒரே சேர்வர், ஒரே மாலை: முதலில் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில், உடனே அதைத் தொடர்ந்து சாதாரண இணைப்பில் ஏற்றினேன். சாதாரண இணைப்பில் அது முழு வேகத்தில் ஏறியது, மறைகுறியாக்கிய இணைப்பில் தவழ்ந்தது. விடியற்காலையில் இரண்டும் ஒரே வேகத்தில் ஏறின. வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் அனுமதி கேட்டு, அவருடைய வீட்டிலிருந்து அதே கோப்பை அதே நேரத்தில் ஏற்றிப் பார்த்தபோது வேறுபாடே இல்லை. ஜெர்மனியின் மக்ஸ் பிளாங்க் மென்பொருள் ஆய்வு நிறுவனத்தினர் உருவாக்கிய கிளாஸ்னொஸ்ட் என்ற சோதனைக் கருவி அப்போது இலவசமாகக் கிடைத்தது. ஒரே அளவான இரண்டு போக்குவரத்துகளை, ஒன்று டொரன்ட் போலவும் மற்றது சாதாரணமாகவும் தோன்றும்படி அனுப்பி, இரண்டும் வெவ்வேறு விதமாக நடத்தப்படுகின்றனவா என்று அது காட்டும். அதன் முடிவுகளையும் சேமித்தேன். எல்லாவற்றையும் திகதி, நேரம், கோப்பின் அளவு, இணைப்பு வகை, எடுத்த நேரம் என்ற நிரல்களில் ஓர் அட்டவணையாக்கினேன். சந்தேகம் இங்கே முடிந்தது: நிறுவனத்தின் கருவி, மறைகுறியாக்கப்பட்டு நீண்ட நேரம் ஓடும் பதிவேற்றத்தைக் கோப்புப் பகிர்வு என்று எண்ணி நெரித்துக்கொண்டிருந்தது.

2011 செப்டம்பரில் ஆணைக்குழு முறைப்பாடுகளைக் கையாளும் நடைமுறையைச் சீர்ப்படுத்தி வெளியிட்டது. முறைப்பாட்டுக்கு நிறுவனம் குறித்த காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதும், வந்த முறைப்பாடுகளின் சுருக்கத்தை ஆணைக்குழு காலாண்டுதோறும் வெளியிடும் என்பதும் அதில் இருந்தன. அது வெளிவந்த பின்னர், கேட்கப்பட்ட விவரங்களையே தலைப்புகளாக்கி இரண்டாவது கடிதத்தை எழுதி, அட்டவணையையும் பணித்தாளின் பிரதியையும் வெளிப்படுத்தல் பக்கத்தின் அச்சுப் பிரதியையும் இணைத்தேன். வாடிக்கையாளரிடம் ஆதாரம் கேட்பதற்குப் பதிலாக, முறையிட்டவரின் வீட்டில் ஆணைக்குழுவே ஓர் அளவுக் கருவியை வைத்துச் சில வாரங்கள் அளந்து பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையையும் கடைசிப் பத்தியில் எழுதினேன்.

ஆணைக்குழு அதை நிறுவனத்துக்கு அனுப்பியது. நிறுவனத்தின் முதற்பதில், தாங்கள் வெளிப்படுத்தியபடியே நடப்பதாகவும், வாடிக்கையாளரின் வீட்டுச் சாதனங்கள் காரணமாக இருக்கலாம் என்றும் கூறியது. பணித்தாளையும் பக்கத்து வீட்டு அளவீட்டையும் சுட்டிக்காட்டி நான் பதில் எழுதியபின், சிலவகை மறைகுறியாக்கப்பட்ட போக்குவரத்து 'தவறுதலாக வகைப்படுத்தப்பட்டிருக்கக்கூடும்' என்று ஒரு வரியில் ஒத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒரு மாலையில் கோப்பு முழு வேகத்தில் ஏறியது. அறிவித்தல் வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. என்னைப் போல எத்தனை வீடுகளில் இது நடந்தது, அவர்கள் தங்கள் கணினியில்தான் குறை என்று எண்ணிப் புதிது வாங்கினார்களா என்பதை யாரும் கேட்கவும் இல்லை. ஒரு முறைப்பாட்டைத் தனியொருவரின் சிக்கலாக மூடிவிடும் நடைமுறையின் பெரிய குறை அதுதான். நிறுவனம் தவறை ஒத்துக்கொண்டால், பாதிக்கப்பட்ட அனைவருக்கும் எழுத்தில் தெரிவிக்கும்படி கட்டளையிட்டே ஆக வேண்டும்.

பொதுவெளியில் நடந்ததும் இதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. இணைய விளையாட்டுகளை ரொஜேர்ஸ் நிறுவனத்தின் கருவி கோப்புப் பகிர்வாக எண்ணி மெதுவாக்கியது குறித்து 2011 இன் தொடக்கத்தில் ஒரு விளையாட்டாளர் முறையிட்டார். தொலைத்தொடர்புச் சட்டத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் 27 ஆம் பிரிவை நிறுவனம் மீறுவதாக ஆணைக்குழு அலுவலர்கள் எழுதியது 2012 ஜனவரியில். அதற்குப் பின்னர்தான், அந்த ஆண்டு முடிவதற்குள் வேகக் குறைப்பை முற்றாகக் கைவிடுவதாக ரொஜேர்ஸ் அறிவித்தது. பெல் 2012 மார்ச் 1 இலிருந்து கைவிட்டது. நெரித்தல் இல்லாவிட்டால் வலையமைப்பு தாங்காது என்று 2009 விசாரணையில் வாதிட்டவர்களே, சில ஆண்டுகளுக்குள் அது இல்லாமலே வலையமைப்பை நடத்தினார்கள். அவர்களின் அந்த வாதத்தை ஆணைக்குழு அன்றே ஆழமாகச் சோதித்திருக்க வேண்டும்.

இப்போது யாராவது இது பற்றி என்னிடம் கேட்டால், முதலில் நிறுவனத்தின் வெளிப்படுத்தல் பக்கத்தைத் திகதியோடு அச்சிட்டு வைக்கும்படிதான் சொல்வேன், ஏனென்றால் எனது முறைப்பாடு முடிந்த சில நாள்களில் அந்தப் பக்கத்தின் ஒரு வசனம் மாறியிருந்தது. அடுத்து, தொலைபேசி உரையாடலில் நம்பிக்கை வைக்காமல் ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 'இணையம் மெதுவாக இருக்கிறது' என்று எழுதினால் எதுவும் நடக்காது; ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடிய இரண்டு அளவீடுகள் இருந்தால் கடிதத்தைத் தள்ளிவிடுவது கடினம்.

ஆணைக்குழு 2015 இல், இணைய வேகத்தை அளக்கும் சாம்நோஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, முன்வந்தவர்களின் வீடுகளில் அளவுக் கருவிகளை வைத்து, அடுத்த ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. நல்ல முயற்சி. ஆனால் அது நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் வேகம் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கான ஆய்வு. முறையிட்ட ஒருவரின் வீட்டில், அவர் சுட்டிக்காட்டும் போக்குவரத்து மட்டும் தனியாக மெதுவாக்கப்படுகிறதா என்று அளப்பது வேறு வேலை. முறைப்பாடு எழுத உதவி கேட்டு வருபவர்களிடம், ஆணைக்குழுவே அப்படி அளந்து பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையையும் கடிதத்தின் கடைசிப் பத்தியில் சேர்க்கும்படி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.