தண்ணீர்மலைக்கு ஒரு தேங்காய்

அப்பாவின் தலைத்திவசம் போன மாதம் முடிந்தது. துக்கம் நடந்த வீட்டார் ஒரு வருடம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்பதில் அம்மா கறார். இந்தத் தைப்பூசத்துக்கும் நான், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் பாகானில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். திவசம் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை அம்மாவே எழுப்பிவிட்டார். "போய் நம்ம பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாம்மா."

தீவிலிருக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஃபெரியில்தான் போனேன். காரில் பாலம் வழியாகப் போயிருக்கலாம், ஆனால் அப்பா இருந்தவரை தண்ணீர்மலைக்குப் பாலம் வழியாகப் போனதே இல்லை. 1985இல் பாலம் திறந்தபோது இனி ஃபெரியில் யார் ஏறப்போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். அப்பா அதற்குப் பிறகும் இருபத்தைந்து வருடம் அதே ஃபெரி என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றார். அப்போதெல்லாம் பாகானில் ஏறும்போதுதான் காசு வாங்குவார்கள், தீவிலிருந்து திரும்பி வரும்போது கிடையாது. "வீட்டுக்குப் போறவன்கிட்ட காசு கேட்கக்கூடாது, அதான்" என்று எங்களுக்கு விளக்கம் சொல்வார். ரொம்ப நாள் அதை உண்மையென்றே நம்பியிருந்தேன்.

புலாவ் ரீமாவ், புலாவ் கப்பாஸ், புலாவ் உண்டான் என்று அந்தப் பழைய ஃபெரிகளுக்கெல்லாம் தீவுகளின் பெயர். எந்த ஃபெரிக்கு என்ன சீக்கு என்று அப்பா, ஏதோ சித்தப்பா பெரியப்பா உடம்பைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பாராம். உள்ளே எந்த இடத்தில் தட்டுகிறது என்று தெரிந்துவிடுமாம். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அந்த ஃபெரிகள் நின்றன. கடைசி நாளில் ஏறிப் பார்க்கக் கூட்டம் போனது. அப்பா போகவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூடத்தில் யாருடையதோ ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரேடியோதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அக்கம்பக்கத்து வீடுகளில் கெட்டுப்போனதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். காசு வாங்கமாட்டார், ஒரு கோப்பி கொடுத்தால் போதும். ஈயம் பற்றவைக்கும் புகை வாசனைதான் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வாசனை. பழுது பார்த்து முடித்ததும் முள்ளை மெதுவாகத் திருப்பி, மலேசியத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மில் நிறுத்துவார். அவர் அதைப் பழைய பெயரில் ரேடியோ ஆறு என்றுதான் கடைசிவரை சொன்னார். பாட்டு வந்துவிட்டால் போதும், அது என்ன பாட்டு என்றுகூடக் கவனிக்காமல் மூடியைப் போட்டு முடுக்கிவிடுவார்.

அறுபதைத் தாண்டியதும் அப்படிப்பட்டவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வயசா, என்ஜினா என்று அவர் கணக்குப் பார்த்ததில்லை.

படித்துறையில் இறங்கி பஸ் பிடித்து வாட்டர்ஃபால் சாலைக்கு வந்தேன். செட்டியார் கோயிலைத் தாண்டும்போது வெள்ளி ரதம் நினைவுக்கு வந்தது. 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்த ரதம். தைப்பூசத்துக்கு முதல்நாள் அது வரும்போது தெருவெல்லாம் சிதறுகாய், சீனர்களும் குவித்து வைத்து உடைப்பார்கள். எல்லாரும் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது அப்பா குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அம்மா முதுகில் ஒரு குத்து விடுவார்.

அடிவாரத்துக் கடையில்தான் எனக்குச் சோதனை. தேங்காய் எடுக்க வேண்டும். அப்பா ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டி, விரல் மடக்கித் தட்டி, நாலைந்து தள்ளிவிட்டு ஒன்றை எடுப்பார். காது போன பிறகு தட்டுவது மட்டும் அவர், கேட்பது நான். "எப்படி இருக்கு? கணீர்னு இருக்கா?" என்று என் முகத்தையே பார்ப்பார். எனக்கு எல்லாத் தேங்காயும் ஒரே சத்தம்தான். மூன்றாவதை அவர் தட்டியதும் "இதுதாம்பா" என்று சொல்லிவிடுவேன். நம்பி வாங்கிக்கொள்வார். எத்தனை வருடம் இப்படி ஓட்டினேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அன்றும் தட்டினேன். மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.

513 படி. 2012இல் மேலே இப்போதைய கோயில் கும்பாபிஷேகம் ஆனபோது அப்பா மூச்சு வாங்காமல் ஏறினார், பின்னாளில் ஐந்து இடத்தில் நின்றார். நின்ற இடத்திலெல்லாம் திரும்பிக் கடலைப் பார்ப்பார். நான் மூன்று இடத்தில் நின்றேன். நடுவில் ஒரு குரங்கு என் பூப்பையையே பார்த்துக்கொண்டு கூட வந்தது. மேலே போய்த் திரும்பினால் ஜார்ஜ் டவுன் கூரைகள், அதற்கு அப்பால் கால்வாய் மாதிரி கடல், அதன் மேல் ஒரு புள்ளி. அப்பாவாக இருந்தால் எந்த ஃபெரி என்று சொல்லியிருப்பார். இப்போது ஓடும் புது ஃபெரிகளின் பெயர்கூட எனக்கு மனப்பாடம் இல்லை.

கூட்டம் அதிகமில்லை. ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். எங்கள் வீட்டில் எப்போதும் அப்பாவிலிருந்துதான் தொடங்குவோம். "கேட்டை" என்று வாயில் வந்துவிட்டது. அவர் காத்திருந்தார். "இல்ல சாமி" என்று சொல்லி, அம்மாவின் பெயரிலிருந்து தொடங்கினேன். தீபாராதனையில் பாலதண்டாயுதபாணி முகம் பளிச்சென்று தெரிந்தது. வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

தட்டு திரும்பி வந்தபோது தேங்காய் கோணலாக உடைந்திருந்தது. ஒரு மூடி பெரிசு, இன்னொன்று சின்னக் கிண்ணம் அளவுக்கு. கண்பக்கம் லேசாகப் பழுப்பு.

வீட்டுக்கு வந்ததும் திருநீறுகூடக் கேட்கவில்லை, அம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

"தேங்காய் எப்படி உடைஞ்சுச்சு?"

"சரிபாதியா உடைஞ்சதும்மா."

பையை நானே அடுப்படிக்கு எடுத்துப் போய்ச் சின்ன மூடியை முதலில் துருவினேன்.