ஒத்த டாலர் இருக்கா ஒத்த டாலர்?

ஏர்லைன்ல யார் பெரிய பணக்காரங்கன்னு கேட்டா எல்லாரும் கேப்டன்னு சொல்லுவீங்க, சம்பள ஸ்லிப்ப வச்சு பாத்தா சரிதான். ஆனா நியூயார்க் ஹோட்டல் வாசல்ல க்ரூ பஸ் வந்து நிக்குற அந்த ரெண்டு நிமிஷம் இருக்கு பாருங்க, அப்ப பணக்காரங்க யாருன்னா டிரைவருக்கு டிப்ஸ் குடுக்க பர்ஸுல ஒத்த டாலர் நோட்டா வச்சிருக்கவங்கதான், மத்தவங்க எல்லாம் அவங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு நிப்பாங்க, கேப்டன் உட்பட.

நான் வளைகுடா ஏர்லைன் ஒண்ணுல கேபின் க்ரூ. எந்த ஏர்லைன்னு கேக்காதீங்க, ஹெச்ஆர்ல இருந்து மெயில் வரும்.

விஷயம் என்னன்னா, போயிங் 777 ஃப்ளைட்ல நியூயார்க் போனா பைலட்டுங்களையும் சேர்த்து பதினேழு பதினெட்டு பேர் இறங்குவோம். ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்ன பெட்டி, அதுபோக ஊருக்கு வாங்குறதுக்காக காலியா ஒரு பெட்டி எடுத்துட்டு வர்றவங்களும் உண்டு. அத்தனையும் பஸ் டிரைவர் ஒத்த ஆளா தூக்கி பஸ்ஸோட வயித்துல அடுக்கி, வான் விக் எக்ஸ்பிரஸ்வேல (பேருதான் எக்ஸ்பிரஸ்) உருட்டி உருட்டி மன்ஹாட்டன் கொண்டு போய் மறுபடி ஒண்ணொண்ணா இறக்கி வைப்பார். அதுக்கு ஆளுக்கு ஒரு டாலர் குடுக்கணும், பெட்டி ரொம்ப கனம்னா ரெண்டு. அமெரிக்க க்ரூவுக்கு இது பல் தேய்க்கிறது மாதிரி, யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, சில சமயம் கேப்டனே எல்லாருக்கும் சேர்த்து குடுத்துடுறதும் உண்டாம். எங்க ட்ரெய்னிங்ல லிப்ஸ்டிக் எந்த ஷேடு, கொண்டை எந்த உயரத்துல, எமர்ஜென்சி கதவ காட்ட கைய எப்படி நீட்டணும் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, இத மட்டும் சொல்லவே இல்ல.

இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. எங்களுக்கு லேஓவர் அலவன்ஸ் (வெளியூர்ல தங்குற நாளுக்கு குடுக்குற படி) கேஷா வரும், ஆனா அது வர்ற இடம் ஹோட்டல் ரிசப்ஷன். அதாவது டிரைவருக்கு காசு குடுக்க வேண்டியது ஹோட்டலுக்கு வெளிய, நம்ம காசு இருக்குறது உள்ள. சரி உள்ள போய் வாங்கிட்டு வந்து குடுக்கலாம்னு பாத்தா கவர்ல அம்பதும் இருபதுமா இருக்கும். ரிசப்ஷன்ல சில்லறை கேட்டா அந்த பொண்ணு இப்பதான் பதினேழு பேருக்கு கவர் குடுத்து ஓய்ஞ்சு நிக்குது, "சாரி, ட்ராயர்ல ஒண்ணும் இல்ல"ன்னு சிரிக்கும். அதுக்குள்ள டிரைவர் அடுத்த ட்ரிப்புக்கு கிளம்பிடுவார், எங்களுக்கெல்லாம் என்ன பட்டம் குடுத்துட்டு போனாரோ. நம்ம ஊர்ல மொய் கவர்ல ஒத்த ரூபா காசு ஒட்டியே விக்கிறாங்கல்ல, அந்த மாதிரி ஒத்த டாலர் ஒட்டின கவர யாராவது நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட் வாசல்ல வித்தா ஒரே சம்மர்ல வீடு கட்டிடலாம்.

இப்படி எல்லாரும் தவிக்கிற நேரத்துல தப்பிக்கிறதுலயே டிகிரி வாங்கினவங்க இருக்காங்க. ஒரு குரூப் பஸ் நிக்கும்போதே போன காதுல வச்சுடும், "ஆமாம்மா, சாப்டேன்மா"ன்னு அந்தப்பக்கம் யாருமே இல்லாத கால்ல பேசிக்கிட்டே டிரைவர தாண்டி போகும். இன்னொரு குரூப் அதவிட டேஞ்சர், டிரைவர் டிக்கிய திறக்குறதுக்கு முன்னாடியே குனிஞ்சு கைய விட்டு "வேணாம் வேணாம், என் பெட்டிய நானே எடுத்துக்குறேன், உங்களுக்கு எதுக்கு சிரமம்"னு இழுத்துக்கிட்டு ஓடிடும். பாக்க ரொம்ப மரியாதையா இருக்கும். பெட்டி நீ எடுத்தா அவருக்கு டிப்ஸ் கிடையாது, அதான் கணக்கு. எங்க பேட்ச்ல இதுல ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் இருக்கார், நாங்க அவருக்கு வச்ச பேரே "நானே அண்ணன்".

மூணாவது ரகம்தான் கேப்டன் ரகம். எப்ப பாத்தாலும் நூறு டாலர் நோட்டு ஒண்ணு, பெஞ்சமின் பிராங்க்ளின் மூஞ்சி வெளிய தெரியுற மாதிரி பிடிச்சுக்கிட்டு "ஹேவ் யூ காட் சேஞ்ச்?"னு டிரைவரையே கேக்குறது. அவர் பாவம் ஒத்த டாலருக்கு காலைலேர்ந்து பெட்டி தூக்கிட்டு இருக்கார், அவர்கிட்ட தொண்ணூத்தொம்பது டாலர் மீதி கேட்டா என்ன பண்ணுவார்? அப்புறம் என் பக்கம் திரும்பி "எனக்கும் சேர்த்து போட்டுடு, அப்புறம் தர்றேன்". இந்த "அப்புறம்" இதுவரைக்கும் எந்த கண்டத்துலயும் வந்ததில்ல.

நான் என்ன பண்ணேன்னா, அமெரிக்கா போறப்பலாம் எங்க சில்லறை கிடைச்சாலும் ஒத்த டாலரா மாத்தி ஒரு ஜிப் பர்ஸுல போட்டு வச்சுக்க ஆரம்பிச்சேன். விளைவு, மொத்த க்ரூவுக்கும் நான் பேங்க் ஆயிட்டேன். போன்ல மொய் நோட்டுன்னு ஒரு நோட்ஸ் ஃபைல் இருக்கு, யாருக்கு எந்த ஊர்ல போட்டேன்னு அதுல எழுதி வச்சிருக்கேன். ஹியூஸ்டன் மூணு டாலர், வாஷிங்டன் ஒண்ணு, பாஸ்டன்ல ஒரு முழு ஃப்ளைட் கிச்சன் டீமே பாக்கி.

ஒருதடவ எங்க பர்ஸர் அக்கா (பர்ஸர்னா கேபின் க்ரூவுக்கு தலைவி; வேற நாட்டுக்காரங்கதான், ஆனா அதட்டல் அக்கா அதட்டல்) இந்த தொல்லையே வேணாம்னு பஸ் கிளம்பினதும் ஃப்ளைட்ல இருந்து எடுத்துட்டு வந்த ஒரு வாந்தி கவர பிரிச்சு உண்டியல் மாதிரி வரிசையா அனுப்பினாங்க. ஐடியா சூப்பர். கவர் பின் சீட்டு வரைக்கும் போய் திரும்பி வந்துச்சு, எங்க ஸ்டாப் வந்ததும் எல்லார் சார்பாவும் தூத்துக்குடி தம்பி ஒருத்தன், சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகல, பவ்யமா ரெண்டு கையாலயும் அந்த கவர டிரைவர்கிட்ட நீட்டினான். அவர் கவர பாத்தார், தம்பி மூஞ்சிய பாத்தார், ரெண்டு ஸ்டெப் பின்னாடி போய் குப்பைத்தொட்டிய கை காட்டினார். தம்பி "நோ நோ, ஃபார் யூ, ஃபார் யூ"ன்னு துரத்துறான். அவர் இன்னும் வேகமா பின்னாடி போறார். கடைசில பர்ஸர் அக்காவே போய் கவர கவுத்து காட்ட வேண்டியதாப் போச்சு.

அந்த தம்பி அடுத்த ட்ரிப்புக்கு உஷாரா எங்கயோ மாத்தி ரெண்டு டாலர் நோட்டா கொண்டு வந்தான். ரெண்டு டாலர் நோட்டுன்னு ஒண்ணு இருக்கு, ஜெஃபர்சன் படம் போட்டது, செல்லும், ஆனா அங்கயே நிறைய பேர் அத செலவே பண்ண மாட்டாங்க, ராசின்னு பர்ஸுல மடிச்சு வச்சுக்குவாங்க. டிரைவருக்கு வாயெல்லாம் பல்லு, தம்பி தோள்ல கை போட்டு செல்ஃபி. இருபத்தஞ்சு கிலோ பெட்டி தூக்கின எங்க ஒத்த டாலருக்கு ஒரு தேங்க்யூ, இவன் நோட்டுக்கு செல்ஃபி. வயித்தெரிச்சல்.

ஏன் அந்த ஊர்ல மட்டும் இவ்ளோ டிப்ஸ் கெடுபிடின்னு நானும் ஆரம்பத்துல சலிச்சுக்கிட்டிருக்கேன். அப்புறம்தான் விசாரிச்சேன். ஹோட்டல்ல சாப்பாடு பரிமாறுறவங்க மாதிரி டிப்ஸ் வாங்குற வேலைக்கு அந்த நாட்டு ஃபெடரல் சட்டப்படி முதலாளி குடுக்க வேண்டிய கேஷ் சம்பளம் மணிக்கு 2.13 டாலர்தான், 1991லேர்ந்து அதே நம்பர். டிப்ஸ் சேர்த்து 7.25 வந்துடணும், வரலைன்னா முதலாளி மீதிய போடணும், அந்த 7.25ம் 2009லேர்ந்து அசையல. கலிபோர்னியா மாதிரி சில மாநிலத்துல முழு சம்பளமும் குடுத்தாகணும், நியூயார்க்லயும் இதவிட அதிகம், ஆனா நிறைய மாநிலத்துல இன்னும் அந்த ரெண்டே சொச்சம்தான். அதாவது தோசைக்கு காசு ஓனருக்கு, தோசை கொண்டு வந்தவருக்கு சம்பளம் நாம. இது தெரிஞ்சப்புறம் அங்க டிப்ஸ் குடுக்காம எழுந்திரிக்கிறவங்கள பாத்தா எனக்கு கோவமே வருது, நானே அண்ணன் உட்பட.

அவருக்கு மன்ஹாட்டன்லயே ஒரு நாள் தீர்ப்பு வந்துச்சு. ஒன்பது பேர் இத்தாலியன் ரெஸ்டாரண்ட் போனோம். பில் வந்ததும் அண்ணன் பாயிண்ட்ஸ் ஏறும்னு தன்னோட கார்டுல மொத்தமா போட்டுடுறேன், நீங்க எனக்கு கேஷ் குடுத்துடுங்கன்னார். அங்க பெரிய குரூப்பா போனா நிறைய கடைல டிப்ஸ பில்லுலயே சேர்த்துடுவாங்க. எங்க பில்லுலயும் சாப்பாடு 300, டாக்ஸ் 8.875 பர்சென்ட், கீழ பொடி எழுத்துல 18 பர்சென்ட் டிப்ஸ் 54 டாலர், ஆக மொத்தம் 380 சொச்சம். நாங்க அத ஒன்பதால வகுத்து கேஷ் குடுத்துட்டோம். அதுக்குள்ள வெயிட்டர் மிஷின நீட்டறார், அதுல 18, 20, 25ன்னு கட்டம் கட்டமா வருது, பக்கத்துல வேற எங்க க்ரூ பொண்ணுங்க நாலு பேர் நிக்குறாங்க, அண்ணனுக்கு கெத்து வந்துடுச்சு, கண்ணிமைக்காம 20ல தட்டினார். 380க்கு 20 பர்சென்ட். 76 டாலர் சொச்சம் எக்ஸ்ட்ரா!

தெருவுக்கு வந்து பில்ல பிரிச்சு பாத்துட்டு அவர் நின்ன நிலை இருக்கே. ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல "ஃப்ரெண்ட்ஸ், ஸ்மால் அட்ஜஸ்ட்மென்ட், ஈச் 8.50"ன்னு மெசேஜ் வந்துச்சு. எட்டு பேருக்கும் ப்ளூ டிக். பதில் ஒண்ணு கூட இல்ல. தூத்துக்குடி தம்பி மட்டும் காலைல பஸ்ல ஏறும்போது "அண்ணே, எழுவத்தாறு டிரைவருக்கு குடுக்க வேண்டியத ஒரே ராத்திரில குடுத்துட்டீங்களே, உங்க மனசு யாருக்கு வரும்"னான்.

ரூம் சுத்தம் பண்றவங்க கதை தனி. நாங்க ராத்திரி ஃப்ளைட் ஓட்டிட்டு வந்து டூ நாட் டிஸ்டர்ப் மாட்டி பகல் பூரா பொணம் மாதிரி தூங்குவோம், ஹவுஸ்கீப்பிங் அக்கா உள்ளயே வர முடியாது, கதவு தட்டாத ஆளுக்கு எதுக்கு டிப்ஸ்னு எங்களுக்குள்ள பட்டிமன்றமே நடக்கும். நாம காலி பண்ணினப்புறம் தலைமுடியும் மேகி கப்பும் யார் அள்ளுறாங்களாம்? ரெண்டு மூணு டாலர் வைங்க, வெறுமனே மேஜைல போட்டுட்டு வந்தா மறந்து வச்சதோன்னு பயந்து தொட மாட்டாங்க, பக்கத்துல ஒரு தாள்ல தேங்க்யூன்னு எழுதி வைங்க. தயவுசெஞ்சு பத்து நாட்டு மிச்ச காசுகள குமிச்சு வச்சுட்டு வராதீங்க, மணி சேஞ்சரே நோட்ட வாங்குவான், காசு வாங்க மாட்டான், அந்தக்கா அத வச்சு என்ன பண்ணும்?

இதே பழக்கத்துல ஜப்பான் போனீங்க, அவ்ளோதான். நரிட்டால எங்க க்ரூ பொண்ணு ஒருத்தி தலகாணி பக்கத்துல எரநூத்தி சொச்சம் யென் காசு வச்சுட்டு வந்துட்டா. பஸ் கிளம்புது, லாபிலேர்ந்து சூட் போட்ட ஒருத்தர் மூச்சு வாங்க ஓடி வர்றார், கைல அழகா ஒட்டின கவர், மேல ரூம் நம்பர். "நீங்க மறந்து வச்சுட்டீங்க"ன்னு குனிஞ்சு வணங்கி குடுக்குறார். இவ அது டிப்ஸ்ங்குறா, அவர் மறுபடி குனியுறார். இவளும் குனியுறா. அவர் இன்னும் கொஞ்சம் குனியுறார். யார் நிறுத்தணும்னு ரெண்டு பேருக்கும் தெரியல, பஸ் டிரைவர் கைக்கடிகாரத்த பாக்குறார், கடைசில கவர் எங்க பஸ்லதான் ஏறுச்சு.

சிங்கப்பூர்ல நிம்மதி, பில்லுல 10 பர்சென்ட் சர்வீஸ் சார்ஜ் போட்டுடுவாங்க, கதை முடிஞ்சது. கெய்ரோல பாத்ரூம் வாசல்ல டிஷ்யூவோட ஒருத்தர் நிப்பார், சில்லறை இல்லாம உள்ள போகாதீங்க, வெளிய வர்றது கஷ்டம்.

எங்களுக்கு யாராவது குடுப்பாங்களான்னா, வாங்கக்கூடாது, எங்க கம்பெனி ரூல். அமெரிக்கால ஃப்ரான்டியர்னு ஒரு ஏர்லைன்ல காபி வாங்கும்போது க்ரூவுக்கு டிப்ஸ் போடுற ஆப்ஷனே ஸ்க்ரீன்ல வருமாம், க்ரூ யூனியனே அத எதிர்த்துச்சு, நாங்க பாதுகாப்புக்கு இருக்கோம், இது கம்பெனி குடுக்க வேண்டிய சம்பளம்னு. அது நியாயம்தான்.

ஆனா இந்த ரூல சென்னை ஃப்ளைட்ல போய் சொல்லிப் பாருங்க. போன மாசம் ஒரு பாட்டி, மகன் வீட்டுல பேரப்புள்ளய பாத்துட்டு ஊருக்கு திரும்புது, முதல் சீட்பெல்ட்லேர்ந்து கடைசி தண்ணி வரைக்கும் நான்தான். இறங்குறப்ப இடுப்பு சுருக்குப்பைலேர்ந்து ஐநூறு ரூபா நோட்ட எடுத்து என் கைல திணிச்சு மூடுச்சு.

"பாட்டி, வாங்கக்கூடாது பாட்டி, வேலை போயிடும்."

"யாரு பாக்கா? புடி கண்ணு, காபி குடி."

"இல்ல பாட்டி, நிஜமா..."

"அட புடின்னா. அம்பது ரூவா எடுத்துக்கிட்டு மிச்சம் நானூத்தம்பத குடு, ஆட்டோவுக்கு வேணும்."

பின்னாடி முந்நூறு பேர் பெட்டிய தூக்கிக்கிட்டு நிக்குறாங்க. என் பர்ஸ் நிறைய ஒத்த டாலரா இருக்கு, ரூபா ஒண்ணு கூட இல்ல. கதவுகிட்ட பை சொல்லிட்டு நின்ன கேப்டன பாவமா பாத்தேன். அவர் சட்டைப் பைக்குள்ள கைய விட்டு எடுத்தார், அதே நூறு டாலர்.