மிடி மேப்பிங்: ‘லேர்ன்’ முடிந்த பிறகுதான் வேலை

டிஜே கன்ட்ரோலரின் பட்டனும் நாபும் (திருகு) மிடி என்ற மொழியில் கணினிக்குச் செய்தி அனுப்பும். எந்தச் செய்தி மென்பொருளில் எந்த வேலையைச் செய்யும் என்று இணைப்பதுதான் மேப்பிங். பெரும்பாலான டிஜே மென்பொருள்களில் இதற்கு ‘லேர்ன்’ வசதி இருக்கும். திரையில் ப்ளேயைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலரில் பட்டனை அழுத்தினால் இரண்டும் இணைந்துவிடும். ப்ளே, க்யூ (குறித்து வைத்த இடத்துக்குப் பாட்டைக் கொண்டுபோகும் பட்டன்), கிராஸ்ஃபேடர் (ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் தள்ளு பட்டை), வால்யூம் எல்லாவற்றையும் இப்படியே சட்டென்று முடித்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். ஜாக் வீலை (இசைத்தட்டுபோல் கையால் சுற்றும் வட்டு) எந்தப் பக்கம் சுற்றினாலும் பாட்டு ஒரே திசையில் போகும், பிட்ச் ஃபேடரை (பாட்டின் வேகத்தை மாற்றும் தள்ளு பட்டை) நடுவில் வைத்தாலும் பூஜ்யத்துக்கு வராது, கையை எடுத்த பிறகும் க்யூ அழுத்தியபடியே கிடக்கும். இந்த இடங்களுக்கு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதத்தான் வேண்டும். இங்கே ‘மிக்ஸ்’ என்ற இலவச மென்பொருளை (பெயரின் முடிவில் மூன்று எக்ஸ்) வைத்துச் சொல்கிறேன். கணக்குகள் டிராக்டர், விர்ச்சுவல் டிஜே என்ற மற்ற டிஜே மென்பொருள்களுக்கும் அப்படியே பொருந்தும்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன், கருவி என்ன அனுப்புகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். மிடி செய்திகளைக் காட்டும் கண்காணிப்பு நிரல் ஒன்று இதற்குப் போதும்: விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர், லினக்ஸில் ஏசீக்டம்ப். விண்டோஸில் பெரும்பாலான டிரைவர்கள் ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் கொடுக்கும். கண்காணிப்பு நிரலை மூடாமல் டிஜே மென்பொருளைத் திறந்தால், கன்ட்ரோலர் பட்டியலில் தெரியும், ஆனால் எந்த அசைவும் இருக்காது. பழுது கேபிளில் இல்லை.

மிடி செய்தி பொதுவாக மூன்று எண்கள். முதல் எண் வகையையும் சேனலையும் சொல்லும்: 144 முதல் 159 வரை நோட் ஆன் (பட்டனை அழுத்துவது), 128 முதல் 143 வரை நோட் ஆஃப் (விடுவது), 176 முதல் 191 வரை சிசி (கன்ட்ரோல் சேஞ்ச், அதாவது நாப், ஃபேடர் போன்றவற்றின் நகர்வு), 224 முதல் 239 வரை பிட்ச் பெண்ட். ஒவ்வொரு வகைக்கும் 16 சேனல்கள். இரண்டாவது எண் எந்தப் பட்டன் அல்லது நாப் என்பது. மூன்றாவது மதிப்பு, 0 முதல் 127 வரை. (பிட்ச் பெண்டில் மட்டும் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து ஒரே மதிப்பு.) பட்டனை விடும்போது பல கருவிகள் நோட் ஆஃப் அனுப்பாமல், மதிப்பு 0 உள்ள நோட் ஆனை அனுப்பும். உங்கள் மேப்பிங் இரண்டையும் ‘விட்டாச்சு’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பட்டனையும் நாபையும் ஷிஃப்ட் (மற்ற பட்டன்களுக்கு இரண்டாவது வேலை தரும் பட்டன்) இல்லாமலும் ஷிஃப்டோடும் இயக்கி, எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் ஸ்கிரிப்ட் எழுத உட்காராதீர்கள்.

ஜாக் வீல் தான் இருக்கும் இடத்தை அனுப்பாது, எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் அனுப்பும். அதற்கு மூன்று பழக்கங்கள் உண்டு. முன்னால் 1, பின்னால் 127 என்பது ஒன்று. 64-ஐ நடுவாக வைத்து முன்னால் 65, பின்னால் 63 என்பது இன்னொன்று. முன்னால் 1, பின்னால் 65 என்பது மூன்றாவது. இரண்டாவதில் 65 முன்னால், மூன்றாவதில் அதே 65 பின்னால் என்பதைக் கவனியுங்கள். லேர்ன் வசதி தவறாக ஊகிப்பது பெரும்பாலும் இங்கேதான். முதல் வகைக்கு, மதிப்பு 64-ஐத் தாண்டினால் 128-ஐக் கழியுங்கள். இரண்டாம் வகைக்கு எப்போதும் 64-ஐக் கழியுங்கள். மூன்றாம் வகையில் 64-ஐத் தாண்டினால், 64-ஐக் கழித்துவிட்டு மைனஸ் குறி போடுங்கள். டிராக்டரில் இதே தேர்வு பதினாறடிமான எண்ணில் இருக்கும்: ‘செவன் எஃப் / ஜீரோ ஒன்’ என்றால் 127 / 1, ‘த்ரீ எஃப் / ஃபோர் ஒன்’ என்றால் 63 / 65.

ஸ்கிராட்ச் செய்ய (பாட்டைக் கையால் முன்னும் பின்னும் உரச), வீலின் மேல்தட்டைத் தொடும்போது வரும் நோட்டில் ‘ஸ்கிராட்ச் எனேபிள்’ அழைப்பைப் போடுங்கள். அது கேட்பவை டெக் (ஒரு பாட்டை ஏற்றி ஓட்டும் இடம்) எண், ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை டிக் (நகர்வுப் படி), இசைத்தட்டு வேகம் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று), ஆல்ஃபா, பீட்டா (ஒலி கை அசைவை எப்படிப் பின்தொடரும் என்பதற்கான இரண்டு எண்கள்). ஆல்ஃபாவுக்கு 1/8, பீட்டாவுக்கு ஆல்ஃபாவை 32-ஆல் வகுத்தது என்று தொடங்கினால் நன்றாக இருக்கும். டிக் எண்ணிக்கையை ஊகிக்காதீர்கள். வீலில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மெதுவாக ஒரே ஒரு சுற்று சுற்றி, கண்காணிப்பு நிரலில் வந்த நகர்வுகளைக் கூட்டுங்கள். உண்மையில் 256 இருக்கும்போது 128 என்று எழுதினால், ஒலி உங்கள் கையைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடும். தொடுதல் விட்டதும் ‘ஸ்கிராட்ச் டிஸேபிள்’. தொடாத நேரத்தில் வரும் நகர்வை, பாட்டைச் சற்றே முன்னும் பின்னும் தள்ளும் ‘ஜாக்’ கட்டுப்பாட்டுக்கு அனுப்புங்கள். அப்படியே அனுப்பினால் பாட்டு துள்ளும், எனவே முதலில் 10-ஆல் வகுத்துப் பார்த்து, பிறகு காதால் சரிசெய்யுங்கள்.

பிட்ச் ஃபேடரில் கணக்கு முக்கியம். ±8 சதவீத வரம்பு என்றால் மொத்தம் 16 சதவீதம். 128 மதிப்புகளுக்கு இடையே 127 படிகள், ஆக ஒரு படி 0.126 சதவீதம். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 தாள அடி) பாட்டில் அது 0.16 பிபிஎம். சரியான வேகம் இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால், சேர்ந்து ஓடும் இரண்டு பாட்டுகளும் ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட 38 மில்லிசெகண்ட் விலகிவிடும். கிக் (தாளத்தின் கனத்த டிரம் அடி) இரட்டையாகக் கேட்க அதுவே போதும். நல்ல கருவிகள் 14 பிட்டில், 16,384 மதிப்புகளாக அனுப்புகின்றன. ஒரே மதிப்பு இரண்டு சிசி செய்திகளாகப் பிரிந்து வரும்: சிசி 0 முதல் 31 வரை பெரிய பகுதி, அதோடு 32-ஐக் கூட்டிய எண்ணில் சிறிய பகுதி. லேர்ன் பெரிய பகுதியை மட்டும் பிடித்தால் 7 பிட்டிலேயே (128 மதிப்புகள்) நிற்பீர்கள். சிறிய பகுதியை மட்டும் பிடித்தால், ஃபேடரை ஒரு தடவை நகர்த்துவதற்குள் பிட்ச் மேலும் கீழுமாகப் பல தடவை பாயும். அதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். கருவி 7 பிட் மட்டுமே என்றால் வரம்பை ±4 ஆக்குங்கள், படியும் பாதியாகும்.

நடுப்புள்ளி தனிக் கதை. ஸ்கிரிப்டில் மதிப்பை 127-ஆல் வகுக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. 64-ஐ 127-ஆல் வகுத்தால் 0.504, அதாவது ±8 வரம்பில் நடுவிலேயே 0.06 சதவீதப் பிழை. 64 வரை 128-ஆல் வகுங்கள். அதற்கு மேல் 1-ஐக் கழித்து 126-ஆல் வகுங்கள். 64 சரியாகப் பாதியிலும் 127 சரியாக 1-இலும் விழும்.

ஷிஃப்ட் பல கருவிகளில் வன்பொருளிலேயே நோட் எண்ணையோ சேனலையோ மாற்றிவிடுகிறது. க்யூவை அழுத்தியபடி ஷிஃப்டை அழுத்தி, பிறகு க்யூவை விட்டால், விட்ட செய்தி ஷிஃப்ட் எண்ணில் வந்து சேரும். மென்பொருளைப் பொறுத்தவரை க்யூ இன்னும் அழுத்தியே இருக்கிறது. மருந்து எளிது: அழுத்தும்போது மட்டும் ஷிஃப்ட் நிலையைப் பாருங்கள், விடும்போது எந்த எண்ணில் வந்தாலும் இரண்டு வேலைகளையும் நிறுத்துங்கள்.

டெக் 1-க்கும் 3-க்கும் ஒரே ஃபேடர் என்றால் ‘சாஃப்ட் டேக்ஓவர்’ (மென்பொருளில் உள்ள மதிப்பை ஃபேடர் எட்டும்வரை அதன் அசைவைக் கண்டுகொள்ளாத வசதி) கட்டாயம். இல்லாவிட்டால் டெக் மாற்றிவிட்டு ஃபேடரைத் தொட்டதும் சத்தம் எகிறும்.

எல்இடியைப் பட்டன் அழுத்தத்தோடு கட்டாதீர்கள், மென்பொருளின் நிலையோடு கட்டுங்கள். மவுஸால் நிறுத்தினாலும் விளக்கு அணைய வேண்டும் அல்லவா! பெரும்பாலான கருவிகளில் பட்டன் அனுப்பும் அதே நோட்டுக்கு 127 திருப்பி அனுப்பினால் எரியும், 0 அனுப்பினால் அணையும். மதிப்புக்கேற்ப நிறம் மாறும் கருவிகளுக்குத் தயாரிப்பாளரின் மிடி அட்டவணை தேவைப்படும். ஒலி அளவு காட்டும் விளக்குகளுக்கு மதிப்பு மாறும்போது மட்டும் அனுப்புங்கள். தொடர்ந்து கொட்டினால் சில கருவிகளில் பட்டன்களே மந்தமாகும்.

மிக்ஸை ‘கன்ட்ரோலர் டீபக்’ தேர்வோடு இயக்கினால், வரும் ஒவ்வொரு செய்தியும் பதிவுக் கோப்பில் இறங்கும். ஸ்கிரிப்ட் பிழைகளை அங்கேயே தேடுங்கள். மென்பொருளோடு வரும் மேப்பிங் கோப்பில் நேரடியாகக் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் அது அழிந்துவிடும். வேறு பெயரில் நகலெடுத்து, பயனர் மேப்பிங் ஃபோல்டரில் வைத்துத் திருத்துங்கள்.