லிஃப்ட்டில் ஒரு விஷமி

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட்டில் யாரோ எல்லாப் பொத்தான்களையும் அழுத்திவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். அடுத்து ஏறுகிறவர் காய்கறிப் பையும் கையுமாக எல்லா மாடிகளையும் தரிசித்த பிறகே வீடு சேர முடியும். எச்சரிக்கை அறிவிப்பு ஒட்டலாம் என்று சங்கக் கூட்டத்தில் உடனே முடிவானது. ஆனால் அந்த ஆசாமியை அறிவிப்பில் என்னவென்று குறிப்பிடுவது? அதில்தான் சாப்பாட்டு நேரம் தாண்டியது.

'சமூக விரோதிகள்' என்றார் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கும் செயலாளருக்கு 'மர்ம நபர்கள்' மீது ஆசை. மூன்றாம் மாடி மாமாவோ, குண்டர் சட்டத்தில் உள்ளே தள்ள வேண்டும் என்று கொதித்தார். எங்கள் வக்கீல் சிரிக்காமல் விளக்கினார்: "1982-இல் வந்த சட்டம் சார். ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் முதலிலிருந்தே அதில் உண்டு. திருட்டு வீடியோக்காரர்களை 2004-இல் சேர்த்தார்கள். லிஃப்ட் பொத்தானை இன்னும் சேர்க்கவில்லை."

கடைசியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை 'விஷமிகள்' என்றார்.

"வேண்டாம் டீச்சர், தண்ணீர்த் தொட்டியில் எவனோ விஷம் கலந்துவிட்டான் என்று பயந்துவிடுவார்கள்" என்றார் தலைவர்.

"அது விஷம் இல்லை, விஷமம். வடமொழியில் சமம் என்பதற்கு எதிர்ப்பதம். மேடுபள்ளம், கோணல் என்று பொருள். சேட்டை செய்யக் கற்றுக்கொண்டது தமிழுக்கு வந்த பிறகாக இருக்கும்."

எனக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. தவழும் குழந்தை விஷமம் செய்தால் கொஞ்சுகிறோம். அதே சொல்லை 'இ' சேர்த்து நாளிதழில் போட்டால், சிலையை உடைத்தவனையும் வைக்கோல் போருக்குத் தீ வைத்தவனையும் போலீஸ் தேடுகிறது.

'விஷமிகள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒட்டிவிட்டு, கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். ஐந்து வயதுப் பையன். எட்டிய பொத்தான்களை விரலால் அழுத்தினான். எட்டாதவற்றை, நுனிக்காலில் நின்று, தண்ணீர் பாட்டிலின் மூடியால் ஒவ்வொன்றாக அழுத்தினான். ஒன்றுகூடத் தப்பவில்லை. தலைவரின் பேரன்.

"குழந்தை கொஞ்சம் துறுதுறு" என்றார் தலைவர், குரல் குழைய. சமூக விரோதி துறுதுறுப்பான பிள்ளையாக மாறிய வேகத்தில் எங்கள் லிஃப்ட் ஒருநாளும் ஏறியதில்லை.

செயலாளரின் ஆசை மட்டும் நிறைவேறியது. கூட்டக் குறிப்பேட்டில் 'மர்மச் சிறுவர் ஒருவர்' என்று எழுதி நீட்டினார். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.