ஆறு போகும் பக்கம்: 2024 நாட்குறிப்பிலிருந்து

ஜனவரி 14, ஞாயிறு

நாளை பொங்கல். கரும்பும் பானையும் வாங்க வேண்டிய காலையில் மலேசியாவின் கோல சிலாங்கூர் கடலோரச் சேற்றில் நின்று பறவை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆசியா முழுவதும் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். 1987-இல் தொடங்கிய வழக்கம். இங்குள்ள தாமான் ஆலாம் இயற்கைப் பூங்கா தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

தண்ணீர் ஏறும்போது சேறு மூழ்கிவிடும். அதுவரை எங்கெங்கோ மேய்ந்த பறவைகளெல்லாம் ஒரே திட்டில் வந்து நெருக்கியடித்து நிற்கும். அப்போதுதான் எண்ண முடியும். ஒவ்வொன்றாக எண்ணினால் தலை சுற்றும். முதலில் பத்தை எண்ண வேண்டும், அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு அந்த அளவை வைத்துக் கூட்டத்தை அளந்துகொண்டே போக வேண்டும். என் அப்பா தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்தவர். விடியாத இருட்டில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க வந்து நிற்கும் ஆட்களை ஒரு பார்வையில் எண்ணிவிடுவார். இன்று அவர் நினைவு வந்தது.

பவளக்காலிகள் நிறைய. சைபீரியப் பக்கத்திலிருந்து குளிருக்குத் தப்பி வந்தவையும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பறவை, நம் ஆறு கொண்டுவந்து கொட்டும் சேற்றில்தான் வயிறு வளர்க்கிறது. பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓடும் அதே சிலாங்கூர் ஆறு. (பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். பெயர் மாறியது 2007-இல்.)

வந்திருந்தவர்களில் தோட்டத்துப் பிள்ளை ஒருவர்கூட இல்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த ஆண்டு எங்கள் பள்ளி இயற்கைக் கழகப் பிள்ளைகளை ஒவ்வொரு பருவத்துக்கும் கூட்டி வர வேண்டும்.

மார்ச் 2, சனி

இன்று தஞ்சோங் துவானுக்குப் போயிருக்க வேண்டும். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் பருந்துகள் கரை தொடும் முனை அது. நீரிணை அங்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். கடலுக்கு மேல் வெப்பக் காற்று மேலெழும்பாது. அதனால் அவை இறக்கையை அடித்து அடித்துக் களைத்துப்போய்த் தாழ்வாக வரும், கரை வந்ததும் சூடான காற்றில் ஏறிச் சுற்றும். அதைக் காட்டத்தான் ஆசைப்பட்டேன்.

பேசி வைத்த பேருந்து வரவில்லை. ஆறு மணியிலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகள் நாசி லெமாக் பொட்டலத்தோடு பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு மேல்தான் ஒரு அழைப்பு: வேறு ஊருக்குப் போக வேண்டியதாகிவிட்டதாம். நல்ல வாடகைக்காரர் கிடைத்திருப்பார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர்களை எல்லாரும் எப்போதும் கடைசியில்தான் வைக்கிறார்கள்.

சரி, வீட்டுக்கு அனுப்ப மனமில்லை. திடலில் பாய் விரித்து வானத்தைப் பார்த்தபடி படுக்கச் சொன்னேன். பொட்டலம் தீர்ந்தது, விளையாட்டும் தீர்ந்தது. பன்னிரண்டரை மணி வாக்கில் ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், அங்க!" என்றாள். மிக உயரத்தில் தேன் பருந்துகள், ஏழு. செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு மேலே வட்டமிட்டு ஏறி, இறக்கையை அசைக்காமலே வடக்கே சறுக்கிப் போயின. கடலைக் கடந்து வந்தவை என்று சொன்னதும் பிள்ளைகள் எழுந்து நின்று கையசைத்தார்கள்.

ஜூலை 27, சனி

நேற்று உலகச் சதுப்புநிலக் காடுகள் நாள். இன்று நாற்று நட முப்பது பேர் போனோம். இந்த முறை பெற்றோரின் வேன்கள்தான், யாரையும் நம்பவில்லை.

புக்கிட் மெலாவத்திக் குன்றில் சாம்பல் குரங்கின் ஆரஞ்சு நிறக் குட்டியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினோம். நீர் வடிய மாலையாகும். அதுவரை நாற்றுப் பையில் மண் நிரப்பும் வேலை. பூங்காவில் உதவும் இளைஞர் நல்ல பொறுமைசாலி, மலாயில் அழகாக விளக்கினார். ஆனால் பிள்ளைகள் நிரப்பிய பைகள் எல்லாம் குடித்தவன் போலச் சாய்ந்தன.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் துணையாக அவன் பாட்டி வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். "இப்படி அடைச்சா வேருக்குள்ள காத்து நிக்கும் கண்ணு. கீழ் மூலைய முதல்ல அமுக்கு. பாதி போட்டதும் தரையில ரெண்டு தட்டு. மேல ரெண்டு வெரல் விடு, இல்லன்னா ஊத்துற தண்ணியெல்லாம் வழிஞ்சு போயிடும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கையில் ஒரு பை நிறைந்து நிமிர்ந்து நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது. பால்மரத்தை (ரப்பரை) அழித்துச் செம்பனை போட்டபோது தோட்டத்து நர்சரியில் பல வருடம் பை கட்டியவராம். பூங்கா இளைஞர் தன் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார்.

பக்காவ் என்னும் சதுப்புநில மரத்தின் விதை வேடிக்கையானது. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டு, பிறகுதான் விழும். நுனிக் கழுத்து நிறம் மாறியதைத்தான் எடுக்க வேண்டும் என்றார் இளைஞர். பாட்டி உடனே, "பழுத்ததப் பாத்து எடுன்னு சொல்றாரு" என்று தமிழில் சொல்லிக்கொடுத்தார். மூன்றில் ஒரு பங்கை மண்ணுக்குள் செருக வேண்டும். தலைகீழாக நட்டவர்கள் இரண்டு பேர். பாட்டி பிடுங்கித் திருப்பி வைத்தார்.

மரநடைபாதையில் போகும்போது ஒரு மரத்தைக் காட்டி, கிளையை ஒடிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் பார்வை போகும், பெயரே புத்தா புத்தா, குருடு என்று அர்த்தம் என்றார் இளைஞர். இதுதான் நம் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இதன் காடு அங்கே இருந்ததால்தான். தேவாரத்தில் பாடிய மரம் இங்கே சேற்றில் நம் எதிரே நிற்கிறது என்று சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது. பாட்டி கேட்டது வேறு: "பால் வடியுதே, நம்ம பால்மரத்துக்கு இது சொந்தமா?" சொந்தம்தான் பாட்டி. இரண்டும் ஆமணக்குக் குடும்பம். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் பாலைப் பற்றிக் கேட்டதுமே பிடித்துவிட்டார்.

மீதியிருந்த முப்பத்திரண்டு பைகளை எங்களிடமே கொடுத்தார்கள், பள்ளியில் வளர்த்துக் கொண்டுவரச் சொல்லி.

ஆகஸ்ட் 3, சனி

நாளை ஆடி அமாவாசை. இருட்டுக்காகவே இந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகு, ஆளுக்கொரு மிதவைச் சட்டை, படகுக்கு நாலு பேர். கைப்பேசிகளை வாங்கி வைத்தாயிற்று. ஒருவனுடைய காலணியில் நடந்தால் மின்னும் விளக்கு, அதையும் கழற்றச் சொன்னோம்.

பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். நான் பலமுறை பார்த்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் பேச்சு நின்றுவிடுகிறது. ஆண் பூச்சிகள்தான் ஒன்றாகச் சேர்ந்து, நொடிக்கு மூன்று முறை போல மின்னுகின்றன. பெண்ணைக் கூப்பிடும் மின்னல் அது. கரையில் ஒரு விளக்கு எரிந்தாலும் அந்தக் கூப்பாடு கலைந்துவிடும். புழுவாக இருக்கும்போது இவை மரத்தில் இருப்பதில்லை. கரைக்குப் பின்னால் நிப்பாப் பனை ஓலைகளுக்கு அடியில், ஈர மண்ணில் நத்தையைத் தின்று வளர்கின்றன. ஆகவே கரையோரம் ஒரு வரிசை மரத்தை மட்டும் விட்டுவைத்து, பின்னால் செம்பனை வரைக்கும் வெட்டிவிட்டால் மின்மினி மிஞ்சாது. இதைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாக்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். இன்று இரண்டு பேரிடம் படகுத்துறையில் வைத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

திரும்பி வந்து டுரியான் சாப்பிட்டோம், பருவமாயிற்றே. பெரெம்பாங் பூ இரவில்தான் மலரும், டுரியான் பூவும் அப்படித்தான். இரண்டுக்கும் மகரந்தம் சுமப்பது ஒரே தேன் வௌவால். 1970களில் பத்துமலைக் குகையில் அந்த வௌவால்களின் எச்சத்தைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். டுரியான் மகரந்தமும் இருந்தது, கடலோரப் பெரெம்பாங் மகரந்தமும் இருந்தது. தைப்பூசத்துக்கு நாம் காவடியோடு ஏறிப் போகும் மலையிலிருந்து, ராத்திரி இவை கடற்கரை வரை வந்து தேன் குடித்துவிட்டுப் போகின்றன. "அப்போ முருகன் வீட்டு வௌவாலா டீச்சர்?" என்றான் பாட்டியின் பேரன். ஆமாம்டா என்றேன்.

அக்டோபர் 19, சனி

மழை. வெளியே போகவில்லை. தோட்டத்துக் கூகைப் பெட்டிகளுக்கு அடியில் பொறுக்கிய உருண்டைகளைப் பள்ளியில் பிரித்தோம்.

எலியைப் பிடிக்கத்தான் செம்பனை நிரைகளுக்கு நடுவே கம்பம் நட்டுப் பெட்டி வைக்கிறார்கள். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். நனைத்து ஊசியால் பிரித்துக் கறுப்பு அட்டையில் அடுக்கினால் ஒரு எலியே திரும்பி வந்துவிடும். ஒரு உருண்டையில் இரண்டு மண்டை ஓடு கிடைத்த பிள்ளை துள்ளிக் குதித்தது.

இரண்டு அம்மாக்கள் உள்ளே வரவே இல்லை. ஆந்தை எச்சத்தை வீட்டுப் பிள்ளை தொடலாமா என்று முகம் சுளித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கூகை அலறிய இரவில் சாவு விழுந்ததாகக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். பாட்டிதான் அவர்களிடம் போய்ப் பேசினார்: "எலிக்கு வெச்ச வெசத்துல என் கோழி அஞ்சு செத்துச்சு. கூகை வந்தப்புறம் அந்த நிரையில வெசம் வெக்கல. யாரு சாவக் கொண்டாந்தா, சொல்லு?" ஒரு அம்மா மட்டும் உள்ளே வந்து மகள் பக்கத்தில் நின்றார். அதுவே போதும் இன்றைக்கு.

டிசம்பர் 7, சனி

பள்ளி மதிலோரம் வைத்த முப்பத்திரண்டு பைகளில் இருபத்தாறு இலை விட்டிருக்கின்றன. சாய்ந்த பை ஒன்றுகூட இல்லை. நான் தண்ணீர் ஊற்றப் போனபோது பாட்டி முந்திக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பேரன் குழாயைப் பிடித்திருந்தான்.

"ஜனவரியில பறவை எண்ணப் போறீங்களாமே, பையன் சொன்னான்."

"ஆமாம் பாட்டி. வேனில் இடம் இருக்கு, நீங்களும் வாங்க."

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"பெரட்டு எத்தன மணிக்கு?"

ஆறரைக்கு என்றேன்.