இழுக்காதே, அமுக்கு

நம் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேசிய தம்பி, "அண்ணே, ஹாஸ்டல் சாப்பாடு, ஹெட்மாஸ்டர் பிரம்பு, தாமிரபரணிக் குளியல் எல்லாம் போன வருஷமே நிறைஞ்சு போச்சு. வேற ஏதாவது எழுதுங்க" என்றார். சரி, வேறு ஒன்றுதான் எழுதுகிறேன். கிளீவ்லாந்துப் பக்கம் இருக்கும் நம் சங்கத்தாருக்கு என் பொழுதுபோக்கு தெரியும். தெரிந்த நாளிலிருந்து ஓரிருவர் என் வீட்டு சோபாவில் கொஞ்சம் யோசித்துத்தான் உட்காருகிறார்கள். பாயின்ட் டூ டூ, அதாவது .22 அங்குலக் குழாய் உள்ள பிஸ்டலை வைத்துக்கொண்டு காகிதத்தைச் சுடுவது, அவ்வளவுதான் விஷயம். அதற்கு வித்து பாளையங்கோட்டையில் நம் பள்ளி என்.சி.சி.யில் விழுந்தது என்பதால், இந்த மலரில் அதற்கும் ஒரு மூலை உண்டு என்று நினைக்கிறேன்.

நாம் என்.சி.சி.யில் சேர்ந்தது நாட்டுக்காகவா, பரேடு முடிந்து தந்த பூரி கிழங்குக்காகவா என்று இப்போது விசாரிக்க வேண்டாம். கஞ்சி போட்ட காக்கி அரை நிக்கர், பிராசோ போட்டுத் தேய்த்த பெல்ட் பக்கிள், வெயிலில் 'தேஸ் சல்' (வேகமாக நட). வருஷம் முழுக்க அந்தச் சலிப்பைத் தாங்கியது ஃபயரிங் நாள் ஒன்றுக்காக. தரையில் விரித்த ஜமக்காளத்தில் குப்புறப் படுத்து, 25 கஜத்துக்கு அப்பால் இருக்கும் அட்டையில் .22 ரைஃபிளால் சுட வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் ரவை, அதாவது தோட்டாதான். கட்டளை எல்லாம் இந்தியில், விளக்கம் எல்லாம் தமிழில். "லேட் கே போசிஷன்" (படுத்து நிலை எடு) என்று கத்திவிட்டு, ஹவில்தார் சார் நம் காதருகே குனிந்து தாழ்ந்த குரலில் சொல்வார்: "மூச்சை இழு. பாதி விடு. நிறுத்து. இப்ப டிரிகரை அமுக்கு. இழுக்காதே, அமுக்கு."

யார் நடுவில் அடித்தான் என்பதை அவர் பார்க்கவே மாட்டார். ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்றுதான் ஸ்கேல் வைத்து அளப்பார். குரூப்பிங் சின்னதாக இருந்தால் போதும், அது அட்டையின் மூலையில் இருந்தாலும் சரி, முதுகில் ஒரு தட்டு கிடைக்கும். நடுவில் ஒன்று, காட்டில் நாலு என்று சுட்டவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அன்று அது அநியாயமாகப் பட்டது. நடுவில் விழுந்த ஒன்று தற்செயல் என்பதும், ஒரே இடத்தில் விழுந்த ஐந்தும் பழக்கம் என்பதும், சைட்டை, அதாவது குறி பார்க்கும் உறுப்பை, நகர்த்தி அந்த ஐந்தையும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதும் ரொம்பப் பிந்தித்தான் விளங்கியது.

ஃபயரிங் முடிந்தால் காலித் தோட்டா உறைகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். எங்கள் செட் ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்: ஒரு தடவை ஒரு உறை குறைந்துபோய், பிளட்டூன் முழுக்க மண்டி போட்டுப் புல்லைக் கோதினோம். பூரி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அது பக்கத்தில் படுத்திருந்தவனுடைய காலுறை மடிப்பில் இருந்தது. நிலக்கடலை அளவுகூட இல்லாத ஒரு பித்தளைக் குழாய்.

அமெரிக்கா வந்து பல வருஷம் அந்த ஞாபகமே இல்லை. ஒஹையோவின் குளிர்காலம்தான் கிளப்பிவிட்டது. இங்கே மூன்று மாதம் வெளியே தலை காட்ட முடியாது. வேலையிடத்து நண்பர் ஒருவர், தம் மாமனார் வாரம் ஒரு சாயங்காலம் போகும் கிளப்புக்கு என்னையும் கூட்டிப் போனார். ஓய்வு பெற்ற தபால்காரர்கள், பஸ் ஓட்டியவர்கள், ஒரு பல் மருத்துவர், கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்கள். தரைக்குக் கீழே நீளமான அறை. 50 அடி தூரத்தில் விளக்கு போட்ட காகித இலக்குகள். இந்தக் குளிர்கால லீக்குகளில் பெரும்பாலும் .22 பிஸ்டல்தான். பெரிய தோட்டாவுக்கு அறையும் தாங்காது, பென்ஷனும் தாங்காது.

சினிமாவில் பார்த்த துப்பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. நம் கதாநாயகர்கள் பிஸ்டலைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஓடிக்கொண்டே சுடுவார்கள். இங்கே பக்கவாட்டில் திரும்பி நிற்பது ஆள்தான். புல்ஸ்ஐ என்று சொல்லும் இந்தப் பழைய முறையில் ஒரே கையால்தான் சுட வேண்டும். இன்னொரு கை பேன்ட் பைக்குள் போய்விடும். பத்து ரவையை நிதானமாகச் சுட 10 நிமிடம். அடுத்தது ஐந்து ஐந்தாக இரண்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. அதற்கடுத்து அதேபோல ஐந்து ஐந்தாக இரண்டு தடவை, ஒவ்வொன்றும் 10 விநாடிக்குள். எல்லாம் சேர்த்து 30 ரவை, 300 மதிப்பெண். பிஸ்டல் நடுவில் மக்கர் பண்ணினால் வாய் திறக்காமல் சும்மா இருக்கும் கையை உயர்த்தினால் போதும், நடுவர் வந்து பார்த்து 'அலிபை' கொடுப்பார். அதாவது அந்த ஐந்தை மறுபடி சுடலாம். ஆள் மக்கர் பண்ணினால் அலிபை கிடையாது.

நான் வாங்கியது பழைய ரூகர் மார்க் டூ. இந்தப் பிஸ்டலுக்கு ஒரு கதை உண்டு. 1949இல் பில் ரூகர் என்பவர் அலெக்சாண்டர் ஸ்டர்ம் என்பவருடன் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனியின் முதல் சரக்கே ஒரு .22 பிஸ்டல்தான். விலை 37 டாலர் 50 சென்ட். அதன் வாரிசுதான் 1982இல் வந்த மார்க் டூ. மெலிந்த குழாய், சாய்ந்த பிடி, பின்னால் இழுக்க இரண்டு காது. சுடும்போது அந்தக் காதுகள் மட்டும் பின்னால் போய் வரும், மற்றபடி எதுவும் அசையாது. சுடுவதற்கு இதைவிடச் சுகமான சாமான் கிடையாது. கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதற்கு இதைவிட எரிச்சலான சாமானும் கிடையாது. உள்ளே ஊசலாடும் ஒரு சின்னக் கம்பி சரியான கோணத்தில் விழாவிட்டால் பிடி மூடவே மூடாது. தலைகீழாகப் பிடி, மூக்கை மேலே தூக்கு என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். 2016இல் வந்த மார்க் ஃபோரில் ஒரு பொத்தானை அமுக்கினால் திறந்துகொள்ளும்படி செய்துவிட்டார்கள். கிளப் கிழவர்கள் அதை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். கஷ்டப்படாமல் கிடைத்ததை நம்பாத தலைமுறை.

தோட்டாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். .22 லாங் ரைஃபிள் என்ற இந்த ரகம் 1887இலிருந்து இருக்கிறது. பெரிய தோட்டாக்களின் பின்புறம் நடுவில் தனியாக ஒரு பொட்டு இருக்கும், ஊசி அதில் அடிக்கும். இதில் பொட்டு இல்லை. பற்றவைக்கும் மருந்து உறையின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். அந்த மருந்து எங்காவது ஓரிடத்தில் சரியாகப் பரவாமல் இருந்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கும். உடனே திறந்துவிடக் கூடாது. இலக்கை நோக்கியபடியே பிடித்துக்கொண்டு 30 விநாடியாவது காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடித்தாலும் வெடிக்கலாம்.

விளிம்பு ஒரு தடவை நசுங்கினால் அந்த உறை தீர்ந்தது. பெரிய தோட்டா சுடுகிறவர்கள் காலி உறைகளைப் பொறுக்கி, மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துவார்கள். .22 உறைகளை மட்டும் விளக்குமாறால் கூட்டி வாளியில் கொட்டுகிறார்கள். காலுறை மடிப்பில் தேடியவன் பார்க்கச் சகிக்குமா? கை தானாக எண்ணுகிறது.

சாதாரண ரகத்தில் குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். அதன் மேல் லேசாக மெழுகு பூசியிருக்கும், பத்து ரவை மேகசினில் ஏற்றுவதற்குள் விரல் நுனி பிசுபிசுவென்று கறுத்துவிடும். மேகசினின் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு, அதைக் கட்டைவிரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். சாயங்காலம் முடிகையில் தோளும் வலிக்காது, மணிக்கட்டும் வலிக்காது, அந்தக் கட்டைவிரல் மட்டும் வலிக்கும்.

சுகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், உதைப்பு இல்லாததில் என்பேன். பெரிய துப்பாக்கி கையை உதறும், காதில் அறையும். குண்டு எங்காவது போனால் பழியைத் துப்பாக்கி மேல் போட்டுவிடலாம். .22 அந்த வசதியைத் தராது. வெடிக்கும் அந்தக் கணத்தில் முன் சைட் எங்கே இருந்தது என்பது கண்ணில் அப்படியே நிற்கும். காகிதத்தைப் பார்க்காமலே "இது ஏழு, இடது கீழே" என்று சொல்லிவிடலாம். விசையை லேசாகப் பிடுங்கினாலும், வெடிக்கு முன்பே உடம்பு பயந்து மணிக்கட்டை இறக்கினாலும், அது அங்கே எழுதியிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் கை ஆடுகிறதே என்று கவலைப்படுவார்கள். கை எல்லாருக்கும் ஆடும். கை மொத்தமாக ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் குண்டும் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். ஆனால் பின் சைட்டின் பிளவில் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 25 கஜத்தில் குண்டு 10 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். இரண்டு சைட்டுக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இல்லை, கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஆகவே கண் இலக்கில் இருக்கக் கூடாது. முன் சைட்டின் விளிம்பு பளிச்சென்று தெரிய வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் தெரிய வேண்டும். ஊசியில் நூல் கோர்க்கிறவள் ஊசிக்காதைப் பார்க்கிறாளே தவிர சுவரையா பார்க்கிறாள்? அடிக்க வேண்டியதைப் பார்க்காமல் இருப்பதுதான் இதில் மகா கஷ்டம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் ஒரு வேலை செய்வார். நம் மேகசினை வாங்கி, நடுவில் எங்கோ ஒரு போலித் தோட்டாவைச் செருகித் தருவார். எது போலி என்று நமக்குத் தெரியாது. அந்த முறை வரும்போது வெடிக்காது, ஆனால் குழாய் மட்டும் தரையைப் பார்த்துக் குதிக்கும். வெடிக்குப் பயந்து நாமே கையை இறக்குவது அப்போது அப்பட்டமாகத் தெரியும். அவர் சிரிக்க மாட்டார். "அமுக்கு" என்பார் இங்கிலீஷில். பாளையங்கோட்டையில் கேட்ட அதே தாழ்ந்த குரல்.

துப்பாக்கி என்றதும் இந்த நாட்டில் என்னென்ன செய்திகள் வருகின்றன என்பதை நானும்தான் படிக்கிறேன். என் மனைவி பெட்டகத்தின் எண்ணைத் தெரிந்துகொள்ளவே மறுத்துவிட்டாள். அவள் மறுப்பில் நியாயம் உண்டு. சும்மா பொழுதுபோகாமல் பெட்டி பெட்டியாகப் படபடவென்று சுட்டுத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. சத்தம் கேட்கத்தான் ஆசை என்றால் தீபாவளிக்கு ஊருக்குப் போகலாம். எங்கள் அறையில் யாராவது கத்திப் பேசியே நான் கேட்டதில்லை. 'சீஸ் ஃபயர்' என்ற குரல் வந்தால் மேகசின் வெளியே, பிஸ்டலின் தோட்டா அறை காலி, காலி என்று காட்ட அதில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு. எல்லாரும் ஓர் அடி பின்னால். இலக்கருகே ஆள் நடமாடும்போது ஒருவர் மேசைப் பக்கம் கை நீட்டினாலே அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முடிந்ததும் கை கழுவுவது கட்டாயம், அதுவும் குளிர்ந்த நீரில். குண்டிலும் பற்றவைக்கும் மருந்திலும் ஈயம் இருக்கிறது. கழுவாமல் வடையை எடுக்கக் கூடாது.

கிளீவ்லாந்து என்றால் நம்மவர்களுக்கு ஈஸ்டர் சமயத்தில் நடக்கும் தியாகராஜ ஆராதனைதான். கோடையில் ஏரி எரீயின் கரையோரமாக ஒன்றரை மணி நேரம் மேற்கே காரை ஓட்டினால் இன்னொரு ஆராதனை இருக்கிறது. கேம்ப் பெர்ரி. 1907இலிருந்து அமெரிக்காவின் தேசியச் சுடும் போட்டிகளுக்குப் பேர்போன இடம். பிஸ்டல் போட்டியின் முழு ஆட்டத்துக்கு 2700 மதிப்பெண்: .22இல் 90 ரவை, நடுப்பொட்டுத் தோட்டாவில் 90, .45இல் 90. நிதானச் சுற்று 50 கஜத்தில். ஏரிக் காற்று கையைத் தள்ளும். சிலர் அந்தக் காற்று கொஞ்சம் அடங்கும் வரை கையை நீட்டாமலே, கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். நான் அங்கே போனது பெரும்பாலும் வேடிக்கை பார்க்க. எழுபது தாண்டிய ஒரு பாட்டி, கண்ணாடிக்கு மேல் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, 10 விநாடிக்குள் ஐந்தையும் ஒரு தேநீர்க் கோப்பை வாய்க்குள் போட்டதைப் பார்த்த பிறகு என் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

நம் நாட்டிலும் இப்போது இதைக் கவனிக்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது .22 பிஸ்டலில்தான். அதில் கடைசியில் நாலே விநாடிக்குள் ஐந்து இலக்கு. 2024 பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கியதைத்தான் எல்லாரும் பேசினார்கள். அவர் 25 மீட்டர் .22 போட்டியில் சமநிலையை முறிக்கும் ஷூட் ஆஃபில் நாலாவதாக நின்றதைப் பார்க்க நான் விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்திருந்தேன். 2022இல் திருச்சியில் மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்ததிலிருந்து ஊரில் இருந்து போன் செய்கிற மச்சினன்கூட "அத்தான், நீங்க என்ன கேட்டகிரி?" என்று கேட்கிறான்.

அடுத்த ஒன்றுகூடல் எங்கள் பக்கம் நடக்கிறது என்பதால் ஓர் அறிவிப்போடு முடிக்கிறேன். சனிக்கிழமை காலை சுட்டுப் பார்க்க எங்கள் கிளப்புக்கு வர விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆனால் எச்1பி, எஃப்1, பி2 போன்ற விசாவில் வந்திருக்கும் தம்பிகள், பார்க்க வந்த அம்மா அப்பா, யாரும் இங்கே துப்பாக்கியைக் கையில் தொடக் கூடாது. வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் சேர்த்தி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி வர வேண்டாம். கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்கள் வரலாம். காது மூடியும் கண்ணாடியும் நான் தருகிறேன். மூடிய செருப்பு போட்டு வாருங்கள். கழுத்து இறங்கிய பனியனோ ரவிக்கையோ வேண்டாம்; சூடான உறை உள்ளே விழுந்தால் துள்ளுவீர்கள், துள்ளுகிற கையில் பிஸ்டல் இருக்கும்.